சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் ஒன்று, நேரம் பல

இணையத்தில் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையிலான தூரத்தைத் தேடினால் இரண்டு எண்கள் வந்து நிற்கும். 15,349 கிலோமீட்டர், பதினெட்டே சொச்சம் மணி நேரம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒரே மாதிரி உறுதியானவை என்று தோன்றும். முதல் எண் பூமியின் அளவு. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தையோ நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தையோ பெயர்த்துக்கொண்டு போனாலொழிய அது மாறாது. இரண்டாவது எண் அப்படி இல்லை, அது நாளுக்கு நாள் மாறும். மகள் நியூயார்க்கில் வேலைக்குச் சேர்ந்ததில் இருந்து சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது "எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?" என்பதுதான். ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வருவதில்லை. அதனால் இங்கே விரிவாக எழுதி வைக்கிறேன்.

நான் வேலை பார்த்த காலமெல்லாம் கடல் வரைபடங்களோடு கழிந்தது. கப்பல்களுக்கு வரைபடம் கொடுக்கும் நிறுவனத்தில் திருத்தும் வேலை. மாலுமிகளுக்கான அறிவிப்பு வாராவாரம் வரும். இடம் மாறிய மிதவை, அணைக்கப்பட்ட விளக்கு, புதிதாகத் தெரியவந்த கப்பல் சிதைவு என்று அதில் இருப்பதை எல்லாம் மெல்லிய பேனாவால் ஊதா மையில் வரைபடத்தில் ஏற்ற வேண்டும். அங்கே பழகியது கடல் மைல் கணக்கு. அட்சரேகையில் ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல், ஒரு கடல் மைலுக்கு 1,852 மீட்டர். இது கையில் இருந்தால் இந்த இரண்டு ஊர்களின் தூரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுவிடலாம். வேறு எந்த ஜோடி ஊர்களுக்கும் கணக்கு இவ்வளவு அழகாக வந்து நான் பார்த்ததில்லை.

சாங்கி விமான நிலையம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.36 டிகிரியில் இருக்கிறது. அங்கிருந்து வட துருவம் 88.64 டிகிரி. கென்னடி 40.64 டிகிரி வடக்கில் இருப்பதால் துருவத்தில் இருந்து அதற்கு 49.36 டிகிரி. இனி தீர்க்கரேகை. சாங்கி கிழக்கே 104, கென்னடி மேற்கே 74, இரண்டும் ஏறக்குறைய. கூட்டினால் 178 வருகிறது. 180 வந்திருந்தால் இரண்டு ஊர்களும் துருவத்துக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக ஒரே கோட்டில் இருந்திருக்கும். இரண்டு டிகிரிதான் விலகல். அதனால் துருவம் வரை ஒரு துண்டு, துருவத்தில் இருந்து இறங்க ஒரு துண்டு என்று கூட்டிவிடலாம். 88.64உம் 49.36உம் சேர்ந்து 138. அறுபதால் பெருக்கினால் 8,280 கடல் மைல், அதாவது 15,335 கிலோமீட்டர். பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையாக இருப்பதையும் அந்த இரண்டு டிகிரி விலகலையும் கணக்கில் சேர்த்துக் கணினி சொல்லும் எண் 15,349. காகிதக் கணக்குக்கும் அதற்கும் பதினான்கு கிலோமீட்டர்தான் வித்தியாசம்!

ஆக, சிங்கப்பூரில் இருந்து நியூயார்க்குக்குத் திசை கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை. நேர் வடக்கு. சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை நம்புவது கடினம். அந்தப் படங்களில் பல 1569இல் மெர்கேட்டர் என்ற வரைபடக் கலைஞர் வகுத்த முறையைச் சேர்ந்தவை. திசைகாட்டி முள்ளைப் பார்த்துக் கப்பல் ஓட்டுகிறவனுக்கு அது பெரும் வரம். ஒரே திசையில் போகும் பாதை அதில் நேர்கோடாக விழும். ஆனால் துருவத்தை நெருங்க நெருங்க நிலம் இழுபட்டு அகன்றுவிடும், துருவம் படத்துக்குள்ளேயே வராது. இந்தப் பாதையின் நடுப்பகுதி அந்த இல்லாத இடத்தில்தான் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் நோமோனிக் என்று சொல்லப்படும் வேறு வகை வரைபடமும் இருந்தது. பார்ப்பதற்குக் கோணல்மாணலாக இருந்தாலும், அதில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அதுதான் பூமியின் மேல் மிகக் குறுகிய பாதை. பெருவட்டப் பாதை என்போம். கப்பல்கள் பெருங்கடலைக் கடக்கும்போது அந்தக் கோட்டில் சில புள்ளிகளை எடுத்து, மெர்கேட்டர் படத்துக்கு மாற்றிக்கொண்டு போகும்.

இந்தப் பெருவட்டத்தை உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால், தாய்லாந்து வளைகுடாவில் ஏறி, லாவோஸ் பக்கம் போய், சீனாவில் செங்டு, லான்சோ நகரங்களுக்குச் சற்று மேற்கே கடந்து, மங்கோலியா, பைக்கால் ஏரிக்கு மேற்கே சைபீரியா, பிறகு ஆர்க்டிக் பெருங்கடல். துருவத்தில் இருந்து 300 கிலோமீட்டருக்குள் கடந்து, கிரீன்லாந்தின் வடமேற்கு ஓரத்தைத் தொட்டு, பாஃபின் தீவு, கியூபெக் வழியாக நியூயார்க்கில் இறங்கும். நான் சொன்ன 15,349 கிலோமீட்டர் இந்தக் கோட்டின் நீளம்.

என் மகள் இந்தக் கோட்டில் போனதே இல்லை.

ஒருமுறை விமானத்தில் இருந்தே செய்தி அனுப்பினாள். "அப்பா, மேப்ல ஜப்பான் பக்கம் போறோம்னு காட்டுது. நீங்க நேர் வடக்குன்னு சொன்னீங்களே? ஏன் இப்படிச் சுத்திப் போறாங்க?" கேள்வி நியாயமானது. சிங்கப்பூரில் இருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் வடகிழக்கே ஏறி, ஜப்பானை ஒட்டி, வட பசிபிக்கைக் கடந்து, அலாஸ்கா அல்லது கனடாவின் மேற்குப் பக்கமாக அமெரிக்காவுக்குள் நுழையும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்று. ஆனாலும் அதுவே சீக்கிரம் கொண்டு சேர்க்கும் வழி. காரணம் காற்று.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், நடு அட்சரேகைகளில், மேற்கில் இருந்து கிழக்காக ஒரு காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அகலம் சில நூறு கிலோமீட்டர், ஆழம் சில கிலோமீட்டர்தான். தமிழில் தாரைக்காற்று என்று எழுதுகிறார்கள், விமானத் துறையில் எல்லாரும் சொல்வது ஜெட் ஸ்ட்ரீம். வெப்பமான தெற்குக் காற்றும் குளிர்ந்த வடக்குக் காற்றும் சந்திக்கும் இடத்தில் வெப்பநிலை சட்டென்று மாறுவதால் அழுத்த வேறுபாடு உண்டாகிறது, பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்பிவிடுகிறது. குளிர்காலத்தில் அந்த வெப்ப வேறுபாடு கூடும், காற்றின் வேகமும் கூடும். ஜப்பானுக்கு மேலே அது சில நாட்களில் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். உலகத்திலேயே அது மிக வலுவாக வீசும் இடங்களில் ஒன்று அது.

இதை முதலில் அளந்து எழுதியவரும் ஜப்பானியர்தான். வாசபுரோ ஓய்ஷி. டோக்கியோவுக்கு அருகே டட்டேனோ என்ற இடத்தில் இருந்த வானிலை ஆய்வகத்தின் தலைவர். 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை போகும் போக்கைக் கருவியால் பின்தொடர்ந்து, உயரத்தில் இருக்கும் இந்தக் காற்றைப் பதிவு செய்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று 1926இல் அந்த அறிக்கையை, உலகப் பொதுமொழியாக இருக்கட்டும் என்று செயற்கையாக உருவாக்கிய எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அவர் அந்த மொழி இயக்கத்தில் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர். அந்த மொழி தெரிந்தவர்கள் குறைவு என்பதால் வெளியுலகம் அதைக் கவனிக்கவே இல்லை. 1944இல் ஜப்பான் மேல் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் இந்தக் காற்றில் சிக்கித் திணறியபோது அந்த விமானிகளுக்கு அது புதுச் செய்தி. பலூனைப் பார்த்துக்கொண்டு பொறுமையாகக் குறிப்பெடுத்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். வருடக்கணக்கில் வரைபடத்தில் சின்னச் சின்னத் திருத்தம் போட்டவன் என்பதால் கூட இருக்கலாம். சரியாக அளந்து வைத்தது கண்ணில் படாமல் போவது பெரிய இழப்பு.

மகளுக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கு இது. பெரிய விமானங்கள் காற்றைப் பொறுத்தவரை மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். பசிபிக் வழி 16,500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வழி நெடுகச் சராசரியாக 80 கிலோமீட்டர் பின்காற்று கிடைத்தால் தரை வேகம் 980. பதினேழு மணி நேரத்துக்குள் வந்துவிடும். 15,349 கிலோமீட்டர் குறுக்குவழியில் சராசரியாக 30 கிலோமீட்டர் எதிர்காற்று இருந்தால் வேகம் 870. பதினேழரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தும் முக்கால் மணி நேரம் மிச்சம். எரிபொருளும் அதற்கேற்ப மிச்சம், ஏனென்றால் எஞ்சின் எரிபொருள் குடிப்பது காற்றில் இருக்கும் நேரத்துக்குத்தான், தரையில் கடந்த கிலோமீட்டருக்கு இல்லை.

இதற்கு நடந்த உதாரணமே உண்டு. டெல்லி – சான் பிரான்சிஸ்கோ ஏர் இந்தியா விமானம் முன்பு அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்தது, சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாற்றினார்கள். அது சுமார் 15,300 கிலோமீட்டர். 1,400 கிலோமீட்டர் கூடியும் பயணம் பதினான்கரை மணி நேரத்தில் முடிந்தது, பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு. பூமி கிழக்கே சுழல்கிறது, மேற்கே போனால் ஊர் நம்மை நோக்கி வந்துவிடுமே என்று சிலர் கேட்பார்கள். காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது, விமானம் அந்தக் காற்றுக்குள் இருக்கிறது. நம் நேரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பூமிக்கு மேலே தனியாக ஓடும் காற்றின் மிச்சம்தான்.

நியூயார்க்கில் இருந்து திரும்பும்போது என்ன நடக்கும்? அங்கேயும் கிழக்கே போகத்தான் பார்ப்பார்கள். அட்லாண்டிக், ஐரோப்பா, மேற்கு ஆசியா, இந்தியப் பெருங்கடல் என்று வருவது உண்டு. ஜப்பான் வழியாகப் போய் ஐரோப்பா வழியாகத் திரும்பினால், போகவர ஒரு டிக்கெட்டில் உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்ததாகிவிடும். என் மகள் இதைக் கேட்டு ரொம்ப மகிழ்ந்தாள். எல்லா நாளும் இப்படி என்று சொல்ல முடியாது. அன்றன்றைக்கு வரும் காற்று முன்னறிவிப்பைப் பார்த்துப் பாதையைக் கணிப்பார்கள், சில நாள் வடக்கே ஆர்க்டிக்கை நோக்கி ஏறும், சில நாள் இறங்கும்.

ஒரே வழியில் போய் அதே வழியில் வந்தால் போகும்போது இழந்ததைத் திரும்பும்போது காற்று கொடுத்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். கணக்குப் போட்டால் அப்படி வராது. 9,000 கிலோமீட்டர் தூரம், 900 வேகம், காற்று இல்லை என்றால் போக 10, வர 10, மொத்தம் 20 மணி நேரம். 100 கிலோமீட்டர் காற்று இருந்தால் அதன் போக்கில் 9 மணி நேரம், எதிர்த்து வர 11 மணி 15 நிமிடம். மொத்தம் இருபதேகால். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருப்பதால் நட்டம் எப்போதும் கொஞ்சம் மிஞ்சும். இதன் உச்சத்தை அட்லாண்டிக்கில் பார்க்கலாம். நியூயார்க்கும் லண்டனும் 5,540 கிலோமீட்டர் இடைவெளி. லண்டனுக்கு வழக்கமாக ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும், திரும்ப எட்டு மணி நேரம் பிடிக்கும். 2020 பிப்ரவரியில் ஐரோப்பாவைப் புயல் தாக்கிய சமயம், ஒரு போயிங் 747 நியூயார்க்கில் இருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. ஒலி வேகத்தைத் தாண்டாத பயணிகள் விமானங்களில் அன்றைக்கு அதுவே சாதனை.

துருவத்தை நேராகக் கடப்பதில் வேறு சிக்கல்களும் உண்டு. கடும் குளிர்க் காற்றில் பல மணி நேரம் பறந்தால் இறக்கையில் இருக்கும் எரிபொருளே குளிர்ந்துவிடும், ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி. அவசரமாக இறங்க விமான நிலையம் குறைவு. ரஷ்ய வான்வெளி மூடினால் வழியே அடைபடும். ஹெல்சிங்கி – டோக்கியோ பயணிகளைக் கேளுங்கள். 2022க்கு முன் ஒன்பது, ஒன்பதரை மணி நேரமாக இருந்தது, அதன் பிறகு பதின்மூன்று மணி நேரத்துக்கு வந்துவிட்டது. நகரங்கள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

இத்தனை நீளத்துக்கு நிற்காமல் பறப்பதே ஒரு சாதனை என்பதை மகள் அங்கே போன பிறகுதான் முழுமையாக உணர்ந்தேன். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல் நான்கு எஞ்சின் ஏ340-500 விமானத்தில் நியூயார்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் நியூவார்க்குக்கு இந்தச் சேவையைத் தொடங்கியது. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013இல் நிறுத்தினார்கள். 2018 அக்டோபரில் இரண்டே எஞ்சின் கொண்ட, மிக நீண்ட தூரம் பறப்பதற்கான ஏ350-900 யுஎல்ஆர் விமானம் வந்த பிறகு மறுபடி தொடங்கியது, 2020 நவம்பரில் கென்னடிக்கும் பறந்தது. அந்த விமானத்தின் தொட்டிகளில் 165,000 லிட்டர் பிடிக்கும். முழுக்க நிரப்பினால் 130 டன்னைத் தாண்டும். விமானம் மேலெழும்பும்போது அனுமதிக்கப்பட்ட மொத்த எடையே 280 டன் என்றால், ஏறக்குறைய பாதி எரிபொருள். முதல் சில மணி நேரம் எரிபொருளில் கணிசமான பங்கு மீதி எரிபொருளைச் சுமப்பதற்கே எரிகிறது. ஆகவேதான் 161 இருக்கைகள் மட்டும், சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. பாரம் குறையக் குறைய விமானம் படிப்படியாக இன்னும் உயரம் ஏறும். இருக்கைத் திரையில் உயரம் 31,000 அடியில் இருந்து 35,000, 39,000 என்று மாறுவதைப் பார்த்தால் அது எரிந்து தீர்ந்த எரிபொருளின் அடையாளம்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் பறக்கும் நேரம் மட்டும் அல்ல. வாசலில் இருந்து பின்னுக்குத் தள்ளிய நிமிடத்தில் இருந்து அந்த ஊர் வாசலில் நிறுத்தும் வரை. ஓடுபாதைக்கு வரிசையில் நிற்பது, இறங்கிய பிறகு ஊர்ந்து போவது எல்லாம் அதற்குள் அடக்கம். தாமதத்துக்கும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் அட்டவணை போடுவார்கள். தூரத்தை 900ஆல் வகுத்து அரை மணி நேரம் சேர்க்கும் இணையக் கணிப்பான்கள் பதினேழரை என்று சொல்லும், டிக்கெட் பதினெட்டரைக்கு மேல் சொல்லும். அந்த இடைவெளியில்தான் காற்றும் பாதையும் வரிசையும் இருக்கின்றன.

வயதானவர்கள் என்னிடம் கேட்பது: நிற்காமல் போவதா, பிராங்க்ஃபர்ட்டில் இறங்கிப் போவதா? தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சிங்கப்பூர் – பிராங்க்ஃபர்ட் 10,300, அங்கிருந்து நியூயார்க் 6,200, கூட்டினால் 16,500 கிலோமீட்டர், பசிபிக் சுற்றுக்கு ஏறக்குறைய சமம். நேரம்தான் ஐந்து மணி நேரம் போலக் கூடும். என் மனைவிக்கு முழங்கால் வலி. அவளோடு போகும்போது பிராங்க்ஃபர்ட்டைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். நடுவில் எழுந்து நடமாட இடம் கிடைக்கிறது, முழங்காலுக்கு அந்த ஐந்து மணி நேரம் பொருட்டே இல்லை. தனியாகப் போவதென்றால் நிற்காமல் போகும் விமானம்தான், சாளரத்துக்குப் பக்கத்து இருக்கை.

இன்னொன்று, விமான நிலையத்துக்கு அழைக்கப் போகிறவர்களுக்கு. சிங்கப்பூர் கடிகாரம் நியூயார்க்கைவிடக் கோடையில் 12 மணி நேரமும் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் முன்னால் இருக்கும். சிங்கப்பூரில் நள்ளிரவு கடந்து கிளம்பினால் கோடையில் அதே தேதி காலை ஆறு, ஏழு மணிக்கு நியூயார்க்கில் இறங்கிவிடலாம். திரும்பும்போது நேர்மாறு. அங்கே வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஏறினால் இங்கே வந்து சேர்வது ஞாயிறு விடிகாலை. சனிக்கிழமை என்ற நாள் பெரும்பகுதி வானத்திலேயே போய்விடும். என் மைத்துனர் ஒருமுறை சனிக்கிழமை விடிகாலையே சாங்கிக்குப் போய் நின்றுவிட்டு எனக்குப் போன் செய்தார், "மாமா, பிள்ளையைக் காணோமே" என்று. அந்த நேரத்தில் அவள் இன்னும் நியூயார்க்கில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். புறப்படும் கிழமையோடு இரண்டைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். அன்றைக்குக் காற்று பின்னால் இருந்து தள்ளினால் அட்டவணைக்கு அரை மணி நேரம் முன்பே இறங்கிவிடுவார்கள், அதனால் கொஞ்சம் சீக்கிரமாகவே போய் நில்லுங்கள்.